ஒரே கடல்நீர், இரண்டு ஆய்வுகூடங்கள்: கட்சுகோ சருஹாஷியின் அளவீடுகள்

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் வைத்து எரித்தால் என்ன வரும் என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. குடாநாடே சுண்ணாம்புக்கல்லின்மேல்தான் இருக்கிறது. கரையோர ஊர்களில் முருகைக்கல்லால் கட்டிய பழைய மதில்களை இன்றும் பார்க்கலாம். வெற்றிலையில் தடவுவதும் அந்தக் காலத்து வீட்டுச் சுவருக்கு அடித்ததும் அந்தக் கல்லைச் சுட்டு எடுத்ததுதான். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1954 மார்ச் 1 காலையில், பசிபிக் கடலில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த 23 ஜப்பானியத் தொழிலாளர்களின் தலையில் வெள்ளைத் தூளாகக் கொட்டியதும் இதே சுட்ட சுண்ணாம்புதான்.

அன்று அமெரிக்கா மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினி என்ற முருகைத் தீவில் ஓர் ஐதரசன் குண்டை வெடிக்க வைத்தது. ஏறக்குறைய 6 மெகாதொன் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், வந்தது 15 மெகாதொன், அதாவது ஹிரோஷிமாக் குண்டைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. முருகைப் பாறை தூளாகி, வெந்து, குண்டின் கதிரியக்கத்தையும் சுமந்துகொண்டு மேலே போனது. சில மணி நேரம் கழித்து, நூறு கிலோமீற்றருக்கு அப்பால் நின்ற ‘ஐந்தாம் இலக்க அதிர்ஷ்ட டிராகன்’ என்ற அந்தப் படகின்மேல் அது இறங்கியது. என்ன ஏது என்று தெரியாமல் வெறும் கையாலேயே தட்டிவிட்டார்கள். படகு யைசு துறைமுகத்துக்குத் திரும்பியபோது எல்லோருக்கும் தோல் வெந்திருந்தது, தலைமயிர் கொட்டிக்கொண்டிருந்தது. வானொலித் தொடர்பைப் பார்த்துக்கொண்டிருந்த அய்கிச்சி குபோயாமா செப்டெம்பர் 23ஆம் திகதி இறந்தார். ஜப்பானியர் அந்தத் தூளுக்கு வைத்த பெயர் ‘சாவுச் சாம்பல்’. அப்புறம் சந்தைகளில் சூரை மீனை மண்ணில் புதைத்தார்கள், நூற்றுக்கணக்கான படகுகளின் பிடிபாடு வீணானது, அந்தப் பக்கம் போகாத படகின் மீனையும் வாங்க ஆட்கள் யோசித்தார்கள். 2021இல் கொழும்புக்கு வெளியே இரசாயனக் கப்பல் எரிந்து மூழ்கியபோது மீன் விலைக்கு என்ன நடந்தது என்பது நினைவிருப்பவர்களுக்கு இது விளங்கும்.

அந்தச் சாம்பலையும், அதற்குப் பிறகு பெய்த மழையையும், கடலையும் அளந்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயர் கட்சுகோ சருஹாஷி. 1920இல் டோக்கியோவில் பிறந்தவர். சிறுபிள்ளையாக வகுப்பறை யன்னல் கண்ணாடியில் வழியும் மழைத்துளியைப் பார்த்து, மழை எதனால் வருகிறது என்று யோசித்ததாகச் சொல்வார்கள். படிப்பு முடிந்ததும் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலைக்குப் போனார். 21 வயதில் அந்த வேலையை விட்டுவிட்டுப் பெண்களுக்கான அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். நிலையான சம்பளத்தை விட்டுவிட்டு ஒரு பெண் விஞ்ஞானம் படிக்கப் போகிறேன் என்று நின்றால் இன்றைக்கும் எங்கள் வீடுகளில் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். நான் இரசாயனவியல் படிப்பிக்கிறவள், உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கதைகளோடுதான் என்னிடம் வருகிறார்கள்.

1943இல் படித்து முடித்ததும் வானிலை ஆய்வுப் பக்கம் போய், யசுவோ மியாகே என்ற புவி இரசாயன அறிஞரின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு முதலில் கிடைத்த வேலைக்கும் கதிரியக்கத்துக்கும் தொடர்பு இல்லை. கடல்நீரில் காபனீரொட்சைட்டு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. இன்றைக்குக் காலநிலை மாற்றம் என்று எல்லோரும் பேசுகிறோம், 1950களில் அந்த வாயுவைக் கடலில் அளப்பதற்கு ஒழுங்கான வழிகூட இல்லை. வெப்பநிலை, அமிலத்தன்மை, குளோரின் அளவு ஆகியவை தெரிந்தால் கடல்நீரில் காபோனிக் அமிலம் எந்தெந்த வடிவில் எவ்வளவு இருக்கும் என்று பார்த்துச் சொல்ல அவர் ஓர் அட்டவணை தயாரித்தார். 1955இல் வெளிவந்த அது ‘சருஹாஷி அட்டவணை’ என்ற பெயரோடு, கணினி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும்வரை, உலகம் முழுக்கக் கடலியலாளர்கள் கையில் இருந்தது. 1957இல் டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலில் முனைவர் பட்டம் பெற்றார், அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

இந்த அட்டவணைக் கதையை நான் இடையில் செருகவில்லை. கடல்நீரில் மிகக் குறைவாக இருக்கிற ஒன்றை, வேறு பத்துப் பொருள்களின் நடுவிலிருந்து பிரித்து, திரும்பத் திரும்ப அளந்தாலும் அதே எண் வருகிற மாதிரி அளக்கும் பழக்கம் அவர் கையில் ஊறியது இங்கேதான். பிகினிச் சாம்பல் வந்தபோது அந்தக் கை தயாராக இருந்தது.

இனி, அளப்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அணுகுண்டு வெடித்தால் நூற்றுக்கணக்கான கதிரியக்கப் பொருள்கள் பிறக்கும். அவற்றில் பெரும்பாலானவை சில நாள்களில், சில வாரங்களில் அடங்கிவிடும். அயடீன் 131இன் அரைவாழ்வுக்காலம், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 8 நாள். நீண்ட காலம் தொல்லை தருபவை முக்கியமாக இரண்டு. சீசியம் 137க்கு அரைவாழ்வுக்காலம் 30 ஆண்டு, ஸ்ரோன்சியம் 90க்கு ஏறக்குறைய 29 ஆண்டு. ஒரு பிள்ளை பிறந்து வளர்ந்து தானும் ஒரு பிள்ளையைப் பெறுகிற காலத்தில் பாதிதான் குறையும்.

சீசியம் பொற்றாசியத்தின் உறவுக்காரன். உடம்புக்கு வித்தியாசம் தெரியாது, பொற்றாசியத்தை எடுப்பதுபோல எடுத்துத் தசைகளில் வைத்துக்கொள்ளும். கடலில் அது கரைந்தே இருக்கும், அதனால் நீரோட்டம் போகிற இடமெல்லாம் போகும். சரி, அதை அளந்துவிடலாமே என்றால், கடல்நீரில் இயற்கையாகவே பொற்றாசியம் 40 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது, ஒரு கன மீற்றருக்கு ஏறக்குறைய 12,000 பெக்கரல். பெக்கரல் என்றால் ஒரு செக்கனில் ஓர் அணு சிதைவது. 2011இல் ஜப்பானின் புகுஷிமா அணுமின்நிலையத்தில் நடந்த விபத்துக்கு முன்பு பசிபிக்கின் மேற்பரப்பில் சீசியம் 137 ஒரு கன மீற்றருக்கு 1 அல்லது 2 பெக்கரல்தான். குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலத்தில் அதைவிடக் கூடுதலாக இருந்தது, ஆனாலும் பொற்றாசியத்தோடு ஒப்பிட்டால் எங்கேயோ ஒரு மூலையில். கணக்கைப் போட்டுப் பாருங்கள், கன மீற்றருக்கு 1 பெக்கரல் என்றால் 100 லீற்றர் கடல்நீரில் 10 செக்கனுக்கு ஒரு சீசியம் அணு சிதையும், அதே 10 செக்கனில் பொற்றாசியம் 12,000 தடவை சிதையும். நல்லூர்த் திருவிழா நெரிசலில் ஒரு பிள்ளை உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்பது போன்ற வேலை இது. பீப்பாய் பீப்பாயாகக் கடல்நீரை எடுத்து, சீசியத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் இரசாயனத்தைப் போட்டு, படிவை வடித்து, கழுவி, திரும்பக் கரைத்து, ஒட்டிக்கொண்டு வந்த பொற்றாசியத்தை விரட்டி, கடைசியில் விரல்நுனி அளவுக்கு வருகிற பொடியை எண்ணும் கருவிக்குக் கீழே வைக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் ஒட்டும். எவ்வளவு சிந்தியது என்று தெரியாவிட்டால் கடைசியில் வருகிற எண்ணுக்கு மதிப்பில்லை.

ஸ்ரோன்சியம் இன்னும் சிக்கல். அது கல்சியத்தின் உறவுக்காரன், பாலிலும் எலும்பிலும் போய்க் குந்திக்கொள்ளும். எங்கள் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு, அதிலும் கல்சியத்தோடு சேர்ந்து இயற்கையான, கதிரியக்கம் இல்லாத ஸ்ரோன்சியம் கொஞ்சம் இருக்கும். ஒரு லீற்றர் கடல்நீரில் கல்சியம் ஏறக்குறைய 400 மில்லிகிராம், அதிலிருந்து ஸ்ரோன்சியத்தைப் பிரிப்பது பெரிய பாடு. பிரித்த பிறகும் உடனே எண்ண முடியாது. ஸ்ரோன்சியம் 90 சிதைந்து இற்றியம் 90 ஆகும், அந்த இற்றியத்தை எண்ணுவதுதான் நம்பகமான வழி, ஆனால் அது ஊறி நிறைய ஏறக்குறைய இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். ஒரு போத்தல் தண்ணீருக்கு இத்தனை பாடு. சருஹாஷி இதை ஆண்டுக்கணக்காகச் செய்தார்.

அவருக்கும் மியாகேக்கும் கிடைத்த விடைகள் அமெரிக்காவுக்குப் பிடிக்கவில்லை. கடல் மிகப் பெரியது, எவ்வளவு விழுந்தாலும் விரைவில் கலந்து நீர்த்துப் போய்விடும் என்பதுதான் குண்டு வெடித்தவர்களின் வாதம். 1954இலேயே ஜப்பான் அனுப்பிய ‘ஷுன்கோட்சு மாரு’ என்ற ஆய்வுக்கப்பல், பிகினிக்கு மேற்கே ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலும் கதிரியக்கம் ஒரு பட்டையாக ஓடுவதைக் கண்டிருந்தது. பிறகு சருஹாஷியின் அளவீடுகளில் ஜப்பானை ஒட்டிய கடலில் சீசியம் எதிர்பார்த்ததைவிட நிறையத் தெரிந்தது, கலிபோர்னியாப் பக்கம் அமெரிக்கர் அளந்ததைவிடப் பல மடங்கு. உங்கள் முறையில் பிழை இருக்கிறது என்றார்கள் சில அமெரிக்க விஞ்ஞானிகள்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் எங்கள் கடற்றொழிலாளர் யாரைக் கேட்டாலும் ஊகித்துச் சொல்லக்கூடியது: நீரோட்டம். பிகினி இருக்கும் இடத்தில் கடல் மேற்கே பிலிப்பைன்ஸ் பக்கம் ஓடுகிறது. அங்கே கரையில் முட்டி வடக்கே திரும்பி, குரோஷியோ என்ற பெரிய நீரோட்டமாக ஜப்பானை உரசிக்கொண்டு போகிறது. அதற்குப் பிறகுதான் கிழக்கே திரும்பி, பசிபிக்கின் முழு அகலத்தையும் கடந்து கலிபோர்னியாவுக்குப் போகும். ஆகவே பிகினியின் அழுக்கு முதலில் ஜப்பானுக்குத்தான் வரும், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் வந்தது. பாதிக் கடலைச் சுற்றிக் கலங்கிய பிறகு மிச்சம்தான் மறுகரைக்கு. கதிரியக்கம் கடலில் சீராகக் கரைந்துவிடும் என்ற நினைப்பே பிழை, ஆறுபோல அது தன் வழியில் ஓடுகிறது. ஆனால் இந்த விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அளவீடு சரி என்று மற்றவர் ஒத்துக்கொள்ளாதவரை அதை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

1962இல் சருஹாஷி கலிபோர்னியாவுக்குப் போனார். லா ஹோயாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் தியோடர் போல்சம் என்பவர் தன்னுடைய முறையில் கடல் சீசியத்தை அளந்துகொண்டிருந்தார். திட்டம் எளிமையானது: ஒரே கடல்நீர், இரண்டு முறைகள், இரண்டு கைகள். ஜப்பானிய முறை பிழையென்றால் அங்கே எல்லோருக்கும் முன்னால் தெரிந்துவிடும். சண்டையில் தோற்ற நாட்டிலிருந்து, தனியாக, ஆண்கள் நிறைந்த ஓர் ஆய்வுகூடத்துக்கு, ஏற்கனவே உன் வேலையை நம்பவில்லை என்று சொன்னவர்களின் நாட்டுக்கு ஒரு பெண் போய் நிற்கிறாள் என்று நினைத்துப் பாருங்கள். விடைகள் ஒத்துவந்தன. அடுத்த ஆண்டு போல்சமும் சருஹாஷியும் சேர்ந்தே அந்த ஒப்பீட்டை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். ஜப்பானை ஒட்டிய கடலில் கூடுதலாகத் தெரிந்தது கடலின் உண்மைதான், கருவியின் பிழை இல்லை என்பது அதோடு உறுதியானது.

அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது அந்த 1962ஆம் ஆண்டுதான். முனைவர் பட்டத்தையும் பரிசுகளையும்விட இதைப் பெரிதாக நினைக்கிறேன், ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் பசிபிக்கை விட்டு ஊருக்கு வர வேண்டும்.

சுன்னாகத்தில் மின்னிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலம் இங்கே யாருக்கும் மறந்திருக்காது. 2014இன் இறுதியிலும் 2015இலும் குடாநாட்டில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. எங்களுக்கு ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின்மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கிறது, அதைத்தான் துலாவால் இறைத்தோம், இப்போது மோட்டர் போட்டு இறைக்கிறோம். அதில் ஒன்று கலந்தால் போக வேறு கிணறு இல்லை. அப்போது நடந்தது என்ன? ஓர் அறிக்கை எண்ணெய் இருக்கிறது என்றது. இன்னோர் அறிக்கை ஆபத்தான அளவில் இல்லை என்றது. ஒன்றை நம்பியவர்கள் மற்றதை எழுதியவர்களை விலைபோனவர்கள் என்றார்கள். சனம் பவுசர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு வாளிகளோடு நின்றது. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த மின்னிலையத்தை நடத்திய நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, அதற்குள் நான்கு ஆண்டு போய்விட்டது.

எங்கள் ஒழுங்கையிலும் ஒரு சின்ன அளவில் இது நடந்தது. பக்கத்து வீட்டு அக்காவும் நானும் ஒரே வாரத்தில், இரண்டு கிணற்றிலிருந்தும் தண்ணீர் எடுத்து இரண்டு இடங்களுக்குக் கொடுத்தோம். இரண்டு கிணறுக்கும் நடுவில் இருபது அடிகூட இருக்காது. எனக்கு வந்த கடதாசி குடிக்கலாம் என்றது, அவருக்கு வந்தது கூடாது என்றது. எந்த முறையில் அளந்தீர்கள், எந்த அளவுக்குக் கீழே உங்கள் கருவிக்குத் தெரியாது என்று கேட்டுப் போனபோது எனக்குப் பதில் கிடைக்கவில்லை. “ரீச்சர், நீங்களே சொல்லுங்கோ, எதை நம்புறது?” என்று அக்கா கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இன்றைக்கும் அது என் மனதில் இருக்கிறது.

ஆகவே 1962ஐ நான் படிக்கும்போது அந்த இரண்டு கடதாசிகள்தான் கண்முன் வருகின்றன. இரண்டு இடத்தில் இரண்டு விடை வந்தால், யார் நல்லவர் யார் கெட்டவர் என்று தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரே வாளித் தண்ணீரை இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்துக்கும் கொடுக்க வேண்டும். ஒன்றுமே கலக்காத சுத்தமான நீரையும் பெயர் சொல்லாமல் ஒரு போத்தலில் அனுப்ப வேண்டும், அதிலும் அழுக்கு இருக்கிறது என்று விடை வந்தால் அழுக்கு ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறது. தெரிந்த அளவு அழுக்கைக் கலந்த போத்தல் ஒன்றையும் அனுப்பி, அந்த அளவு திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். இது புதிய வித்தை ஒன்றும் இல்லை, உலகம் முழுக்க நல்ல ஆய்வுகூடங்கள் ஒன்றோடொன்று இப்படித்தான் சரிபார்த்துக்கொள்கின்றன. குழப்பமான நேரத்தில் இதைச் செய்யச் சொல்லிக் கேட்க எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அறிக்கைகளைத்தான் கேட்டோம்.

சருஹாஷியின் கதைக்குத் திரும்புகிறேன். 1963 ஓகஸ்ட் 5ஆம் திகதி அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரித்தானியாவும், காற்றிலும் கடலுக்கடியிலும் விண்வெளியிலும் அணுகுண்டு வெடித்துப் பார்ப்பதில்லை என்று மொஸ்கோவில் ஒப்பந்தம் செய்தன. ஒருவருடைய ஆய்வால் அந்த ஒப்பந்தம் வந்தது என்று எழுதினால் அது மிகைப்படுத்தல். அமெரிக்காவையும் சோவியத்தையும் அணுப்போரின் விளிம்புக்குக் கொண்டுபோன கியூபா நெருக்கடி இருந்தது, பிள்ளைகளின் பால்பற்களில் ஸ்ரோன்சியத்தைத் தேடிய அமெரிக்க ஆய்வு இருந்தது, பல நாடுகளில் தாய்மார்கள் தெருவில் இறங்கினார்கள். ஆனால் ஒரு நாட்டின் குண்டு இன்னொரு நாட்டின் மழையிலும் மீனிலும் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணில் சொல்ல முடிந்ததால்தான் அந்தக் குரல்களைத் தட்டிக்கழிக்க முடியாமல் போனது, அந்த எண்களில் அவருடைய பங்கு உண்டு. பிரான்சும் சீனாவும் அதில் கையெழுத்திடவில்லை, காற்றில் கடைசியாக வெடித்தது 1980இல், சீனாவில்.

அவர் வேலை செய்த வானிலை ஆய்வு நிறுவனத்தில் இன்னொரு காரியம் நடந்தது, அது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. 1957இலிருந்து ஒவ்வொரு மாதமும், மழையோடும் தூசியோடும் தரையில் விழுகிற சீசியத்தையும் ஸ்ரோன்சியத்தையும் அங்கே அளந்து வருகிறார்கள். வெளியே பெரிய தட்டு, மாதம் முழுக்க விழுந்ததைத் திரட்டி ஆய்வு, அவ்வளவுதான். இந்த வகையில் உலகத்திலேயே நீண்ட தொடர் அதுதான். அந்த வரைகோட்டைப் பார்த்தால் 1963இல் உச்சி தெரியும், ஒப்பந்தத்துக்குப் பிறகு இறங்குவது தெரியும், 1986இல் செர்னோபில் அணு உலை விபத்து ஒரு முள்ளாக எழுவது தெரியும். 2011 மார்ச் மாத இறுதியில், புகுஷிமா வெடித்துச் சில வாரம்கூட ஆகாத நேரத்தில், அந்த அளவீட்டுக்கான பணத்தை நிறுத்தினார்கள், அவசர வேலைகளுக்குத் தேவை என்று. அங்கே இருந்தவர்கள் அளப்பதை நிறுத்தவில்லை. பிறரிடம் உதவி கேட்டு, கையில் இருந்ததை வைத்துத் தொடர்ந்தார்கள். சருஹாஷி 2007இலேயே காலமாகிவிட்டார், அவர் இதைப் பார்க்கவில்லை. ஆனால் புகுஷிமாவிலிருந்து கடலுக்குப் போனது எவ்வளவு, பழைய குண்டுகளின் மிச்சம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவர் தலைமுறை தொடங்கிவைத்த பழைய எண்கள்தான்.

இங்கேதான் எங்களுடைய இன்னொரு கேள்வி வருகிறது. வகுப்பில் ஆண்டுக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும்: “ரீச்சர், கூடங்குளத்தில ஏதும் நடந்தா எங்கட கிணத்துக்கு என்ன ஆகும்?” வரைபடத்தில் அளந்தால், தமிழ்நாட்டில் அணுமின்நிலையம் இருக்கும் கூடங்குளம் யாழ்ப்பாணத்திலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 300 கிலோமீற்றர், தென்மேற்கே. வடக்கே கல்பாக்கத்திலும் ஒன்று இருக்கிறது, அதுவும் ஏறக்குறைய அதே தூரம், பலருக்கு இது நினைவில் இல்லை. சோளகம் அடிக்கும் மாதங்களில் காற்று கூடங்குளப் பக்கத்திலிருந்து வரும், வாடைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து. 2004 ஆழிப்பேரலையில் கல்பாக்கத்து மின்னிலையத்தின் நீரிறைக்கும் இடத்துக்குள் கடல் புகுந்தது, உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். பயப்படச் சொல்லி இதை எழுதவில்லை. 300 கிலோமீற்றர் நல்ல தூரம், அவ்வளவு தூரம் வருவதற்குள் பெரும்பகுதி விழுந்துவிடும் அல்லது கலைந்துவிடும், ஆனால் விழும் இடத்தைத் தீர்மானிப்பது மழை. செர்னோபில் மேகம் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் போய், எங்கே மழை பெய்ததோ அங்கே சீசியத்தை இறக்கியது, சுவீடனில் அப்படித்தான் நடந்தது. புல்லில் விழுந்தது மாட்டுக்குப் போய், பாலுக்கு வரும். அதனால்தான் இறக்குமதிப் பால்மாவை இலங்கையில் சீசியத்துக்காகச் சோதித்தார்கள்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொல்கிற பதில் இதுதான். ஏதும் நடந்தால் எவ்வளவு கூடியது என்று சொல்ல, நடப்பதற்கு முன் எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். இப்போதே ஒன்றும் இல்லை என்று நினைக்காதே, 1950களின் குண்டுகளின் சீசியம் எங்கள் மண்ணிலும் கொஞ்சம் இருக்கிறது, அது உலகம் முழுக்க விழுந்தது. உன் உடம்பிலேயே பொற்றாசியம் 40 இருக்கிறது, வளர்ந்த ஓர் ஆளில் செக்கனுக்கு ஏறக்குறைய 4,000 அணு சிதைகிறது. புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் மோனசைட்டு என்ற கனிமம் இருக்கிறது, அதற்குள் கதிரியக்கமுள்ள தோரியம். இயற்கையாக இருக்கிறது எது, வந்து சேர்ந்தது எது என்று தெரியாமல் ஒரு கருவியைக் கையில் எடுத்தால், டிக் டிக் என்று சத்தம் வந்த உடனே ஊரே பதறும், அல்லது உண்மையிலேயே ஆபத்து வந்தபோது இது வழக்கமான சத்தம்தான் என்று விட்டுவிடுவோம். தண்ணீர், மண், பால், மீன் எல்லாவற்றிலும் சாதாரண நாளின் எண்கள் வேண்டும், அதுவும் யாரும் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். அவை ஓர் அலுமாரிக்குள் பூட்டியிருந்தால் இல்லாததற்குச் சமம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சருஹாஷியைப் பற்றி இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். 1958இல் ஜப்பானியப் பெண் விஞ்ஞானிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்குவதில் முன்னின்றார், அணு ஆயுதத்துக்கு எதிராகக் குரல் கொடுப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. 1980இல் ஜப்பான் அறிவியல் சபைக்குத் தெரிவான முதல் பெண் ஆனார். அதே ஆண்டு ஓய்வு பெற்றார், அப்போது நண்பர்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தை வைத்து, 50 வயதுக்குட்பட்ட பெண் விஞ்ஞானிகளுக்கு 1981இலிருந்து ஆண்டுதோறும் ஒரு பரிசு கொடுக்க வழி செய்தார். சருஹாஷி பரிசு இன்றும் கொடுக்கப்படுகிறது. எங்கள் வகுப்புகளில் இன்றைக்கு இரசாயனவியலில் முன்னுக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள்தான். பல்கலைக்கழகம் வரைக்கும் போகிறார்கள், அதற்குப் பிறகு ஆய்வுகூடத்தில் அவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. யாரும் தடுக்கவில்லை என்பார்கள். ஆனால் 21 வயதில் நல்ல வேலையை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் போய் வா என்று சொல்லும் வீடு எத்தனை?

போன ஆண்டு ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு கொப்பி தொடங்கினேன். கதிரியக்கம் அளக்கும் வசதி எங்களிடம் இல்லை. மின்கடத்துதிறன், அமிலத்தன்மை, வெப்பநிலை, கிணற்றில் நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, இவ்வளவுதான் எங்களால் முடியும். ஒவ்வொரு பிள்ளையும் மாதம் ஒருமுறை தன் வீட்டுக் கிணற்றிலிருந்து இரண்டு போத்தல் கொண்டுவரும், ஒரே வாளியிலிருந்து ஊற்றியது. ஒன்று ஒரு குழுவுக்கு, மற்றது இன்னொரு குழுவுக்கு, யாருடைய கிணறு என்று போத்தலில் எழுதக்கூடாது, இலக்கம் மட்டும். தை மாதத்தில் இரண்டு குழுவின் எண்களும் எந்தப் போத்தலிலும் ஒத்துவரவில்லை. இரண்டு நாள் சண்டை பிடித்தார்கள். பிறகு ஒரு பிள்ளை, முந்திய போத்தலின் உவர்நீர் ஒட்டியிருந்த கருவி முனையைக் கழுவாமலே அடுத்ததில் வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தது. பிழைத்த எண்களை அழிக்க வேண்டாம், மேலே கோடு போட்டுப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள் என்று சொன்னேன். கொப்பியின் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. இந்த மாதத்துப் போத்தல்கள் வியாழக்கிழமை வருகின்றன, பக்கத்து வீட்டு அக்காவின் கிணறும் இப்போது பட்டியலில் இருக்கிறது, எத்தனையாம் இலக்கம் என்று அவருக்கும் தெரியாது.